டம்மி துப்பாக்கிக்கும் ஒரு கடிதம் வேண்டும்

பெங்களூரின் தொம்மலூரில் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் நிறைய. வாரத்தில் ஐந்து நாள் எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ் பக்கம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கேமராவையும் இரண்டு லென்ஸையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கலைஞர் தொலைக்காட்சியில் 2009இல் ‘நாளைய இயக்குநர்’ தொடங்கியது. அங்கிருந்து கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் பெரிய திரைக்குப் போனார்கள். அன்று பிடித்த ஆசை பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளை இன்னும் விடவில்லை. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கும் சொக்கநாத சுவாமி கோயில், அதைச் சுற்றிய பழைய கிராமத்துச் சந்துகள், மேம்பாலத்தின் அடி என்று காசு கொடுக்காமல் கிடைக்கும் களங்கள் இங்கே உண்டு. கதையும் இருக்கும். பெரும்பாலான கதைகளில் எப்படியோ ஒரு துப்பாக்கியும் வந்துவிடும்.

“அண்ணா, டம்மி துப்பாக்கிதானே, அதுக்கெல்லாம் பெர்மிஷன் வேணுமா?” என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. சட்டப் புத்தகத்தில் இதற்கான பதில் அவர்கள் பயப்படுவதைவிட எளிது. தெருவில் அவர்கள் நினைப்பதைவிடக் கடினம்.

முதலில் புத்தகம். நம் நாட்டில் துப்பாக்கிக்கான முதன்மைச் சட்டம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். நடைமுறை விவரங்கள் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இருக்கின்றன. ஆயுதம் என்றால் என்ன என்று விளக்கும் 2ஆம் பிரிவு, எதெல்லாம் ஆயுதமாகாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறது. வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் மட்டுமே ஆன கருவிகள், லத்தி, சாதாரணக் கைத்தடி ஆகியவை ஆயுதமல்ல. பொம்மையாகத் தவிர வேறு எதற்கும் பயன்படாத, சுடக்கூடிய ஆயுதமாக மாற்றவும் முடியாத பொருளும் ஆயுதமல்ல. நம் பிள்ளைகளின் கேள்விக்கான விடை இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. குழல் அடைபட்ட ஃபைபர் துப்பாக்கி, ரப்பரில் வார்த்தது, மரத்தில் செதுக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்தது ஆகிய எதற்கும் உரிமம் தேவையில்லை.

அந்த வரியில் ‘மாற்றவும் முடியாத’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நிஜத் துப்பாக்கி போலவே உலோகத்தில் செய்து, குழலில் துளையும் உள்ளே சுத்தியலும் வைத்த நகல்கள் கிடைக்கின்றன. கையில் எடுத்தால் எடையும் சரியாக இருக்கும், கேமராவுக்கும் அழகாக இருக்கும். ஆனால் அதைச் சுடும் துப்பாக்கியாக மாற்ற வழியிருந்தால் அது பொம்மை என்ற பாதுகாப்பை இழக்கிறது. போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்ற உரிமம் வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. சுடுகிறதோ இல்லையோ, பார்வைக்குத் துப்பாக்கி போல இருக்கும் எதுவும் போலித் துப்பாக்கிதான் என்ற விளக்கமும் அங்கேயே உண்டு. கைதைத் தடுக்க அப்படி ஒன்றைக் காட்டினால் 28ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. படத்தில் நடிப்பவருக்கு அந்த எண்ணம் இருக்கப்போவதில்லை. இருந்தாலும், தோற்றத்தைக்கூடச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதை அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஏர் கன் தனி விஷயம். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் கொண்ட ஏர் கன்னுக்கு உரிமம் கேட்பதில்லை. அதனாலேயே பலர் அதை வாங்கிப் படத்தில் வைக்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். அது ஈயக் குண்டைத் துப்பும் கருவி, கண்ணில் பட்டால் கண் போகும். உரிமம் தேவையில்லை என்பதற்காக அது டம்மி ஆகிவிடாது. வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து துப்பாக்கி தருவிக்கும் யோசனையும் வேண்டாம். ஆயுதங்களை உள்ளே கொண்டுவர 10ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. பார்சலில் வந்தது பொம்மைதான் என்று சுங்க அலுவலகத்தில் நின்று நிரூபிப்பதற்குள் உங்கள் படப்பிடிப்புத் தேதி போய்விடும்.

இனி தெரு. 2024ஆம் ஆண்டின் நடுவில், பெங்களூர் கொத்தனூர் காவல் நிலைய எல்லையில், பாதுகாவலர்கள் சூழ டம்மி ஏ.கே. 47 துப்பாக்கியோடு ரீல்ஸ் எடுத்த இளைஞர் ஒருவர் கைதானார். கையில் இருந்தது சுடாது. பார்த்த மக்களுக்கு அது தெரியாது, அவர்கள் பயந்தார்கள் என்பதே புகார். மறு ஆண்டு மார்ச்சில் பசவேஸ்வர நகர் போலீசாரிடம் வந்த வழக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. கன்னட பிக்பாஸ் நிகழ்ச்சியில் பங்கேற்ற இருவர் நீண்ட அரிவாளோடு சில வினாடி ரீல்ஸ் ஒன்றில் நடித்திருந்தார்கள். அது ஃபைபர் அரிவாள் என்று சொல்லி ஒன்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஒப்படைத்ததும் வீடியோவில் இருப்பதும் வேறு வேறு என்று சொல்லிப் போலீசார் அவர்களை மறுபடியும் கைது செய்தார்கள். வழக்கில் ஆயுதச் சட்டமும் சேர்ந்தது, பிறகு ஜாமீன் கிடைத்தது.

அந்த வழக்கின் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். குறும்படக்காரர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘டம்மிதான்’ என்று வாயால் சொல்வது சான்று ஆகாது. திரையில் தெரிவது இதே பொருள்தான் என்று காட்ட முடிய வேண்டும். எனவே பொருள் வந்த அன்றே நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். குழல் அடைபட்டிருப்பது தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம் அவசியம். வாடகைக்கு எடுத்திருந்தால் கடை ரசீதில் ‘ஃபைபர் டம்மி’ என்று எழுதி வாங்குங்கள். படம் வெளியாகிச் சில மாதம் போகும்வரை அதே பொருளைத் தூக்கிப்போடாமல், உடைக்காமல் வைத்திருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜில் ஒரு மொட்டை மாடியில் எடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் சம்மதித்திருந்தார், அது போதும் என்று நினைத்துவிட்டோம். காட்சியில் ஒருவன் மண்டியிட்டிருப்பான், இன்னொருவன் அவன் பின்னந்தலையில் துப்பாக்கியை வைப்பான். கேமரா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்ததால் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. நான்காவது டேக்கில் கீழே ஹொய்சளா ரோந்து வண்டி வந்து நின்றது. ஏறி வந்த காவலர் முதலில் எங்கள் எல்லாரையும் கையைத் தூக்கச் சொன்னார். துப்பாக்கியை வாங்கிக் கையில் எடை பார்த்தார், திருப்பினார். கைப்பிடியின் அடியில் இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடு இருந்தது. விசையருகே உடைந்த இடத்தை எம்சீல் வைத்து ஒட்டியிருந்தோம். அங்கே நகத்தால் சுரண்டினார், கறுப்புப் பெயின்ட் உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. “பெர்மிஷன் லெட்டர் எல்லிதே?” என்றார். எங்களிடம் கடிதம் இல்லை. அன்றைக்கு மிச்சமிருந்த வெளிச்சம் காவல் நிலையத்தின் பெஞ்சில் போனது.

போலீசை அழைத்தது எதிர்வீட்டுப் பெண்மணி. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனோம். தமிழ்க்காரர்தான், எங்களை உட்கார வைத்துப் பேசினார். துணி காயப்போட வந்தவர் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார். “உள்ளே குழந்தை தூங்கிட்டிருந்தான். கதவைத் தாழ்ப்பா போட்டு, அவனைத் தூக்கிக்கிட்டுக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கீழே உட்கார்ந்துட்டேம்ப்பா” என்றார். எங்கள் துப்பாக்கி ஃபைபர். அவர் கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம் நிஜம். சட்டப் பிரிவுகளைவிட அந்த அம்மாவின் முகம்தான் என்னை மாற்றியது.

அன்று வந்தவர் நிதானமானவர், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லா ஊரிலும் அப்படி அமைவதில்லை. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கிராஃபோர்ட்ஸ்வில் என்ற சிறிய ஊரில், ஒரு மதுக்கடையில் கொள்ளைக் காட்சி எடுத்தார்கள். முகமூடியோடு, கையில் டம்மி துப்பாக்கியோடு நடிகர் வாசலுக்கு வந்தார். யாரோ கொடுத்த தகவலில் வந்து நின்ற போலீஸ்காரர் சுட்டார், குறி தவறியதால் நடிகர் பிழைத்தார். படப்பிடிப்பு நடப்பதை யாரும் போலீசுக்குச் சொல்லியிருக்கவில்லை. நம் நாட்டில் 2025 அக்டோபர் 30 அன்று மும்பை பொவாயில் நடந்தது படப்பிடிப்பு அல்ல, உண்மையான குற்றம். வெப் சீரிஸுக்கு நடிகர் தேர்வு என்று வரவழைத்த 17 குழந்தைகளை ஒருவர் ஸ்டுடியோவில் அடைத்து வைத்தார். போலீசார் சுட்டதில் அவர் இறந்தார், அவரிடம் இருந்தது ஏர் கன். துப்பாக்கி போன்ற ஒன்றைப் பார்க்கும் காவலருக்கு முடிவெடுக்கச் சில வினாடிதான் கிடைக்கும். அந்த நேரத்தில் ஃபைபரா இரும்பா என்று யாரும் தட்டிப் பார்க்கப் போவதில்லை.

ஆகவே கடிதம். நான்கு சுவருக்குள் பொம்மைத் துப்பாக்கி வைத்துப் படம் எடுக்க ஆயுதச் சட்டம் தனி அனுமதி எதுவும் கேட்கவில்லை. இருந்தும் நான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் அந்தத் தெரு வருகிறது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். தொம்மலூர் போன்ற இடத்தில் ஒரு சாலையைத் தாண்டினால் நிலையம் மாறிவிடும். கடிதத்தைக் கன்னடத்தில் எழுதுவது நல்லது, தெரியாதவர்கள் தெரிந்த நண்பரிடம் எழுதி வாங்கலாம். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், வீட்டு முகவரி, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், குழுவில் எத்தனை பேர், பொறுப்பாளரின் கைபேசி எண், துப்பாக்கியின் படங்கள், அது சுடாத ஃபைபர் பொருள் என்ற உறுதிமொழி, காட்சியில் என்ன நடக்கிறது என்று இரண்டு வரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வாருங்கள். அந்த முத்திரைத் தாள் படப்பிடிப்பு நாளில் இயக்குநரின் பையில் இருக்க வேண்டும். தெருவிலோ பூங்காவிலோ எடுப்பதென்றால் இந்தக் கடிதம் போதாது. இடத்துக்கு மாநகராட்சியிடமும், வாகனங்களை நிறுத்துவதென்றால் போக்குவரத்துப் போலீசாரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். காசும் நாளும் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, துப்பாக்கிக் காட்சியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள் என்பதுதான்.

தொம்மலூருக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பகுதியைச் சுற்றி ராணுவத்தின் இடங்கள் இருக்கின்றன. பழைய விமான நிலையச் சாலையில் ராணுவ மருத்துவமனையும் எச்.ஏ.எல்.லும் இருக்கின்றன. ராணுவ மதில் ஓரம் ஆளில்லாமல் அமைதியாகத்தான் இருக்கும், படத்துக்கும் நன்றாக இருக்கும். அங்கே கேமராவோடு நிற்பதே சிக்கல். துப்பாக்கியோடு நின்றால் கேள்வி கேட்கப்போவது ஹொய்சளா வண்டி அல்ல, காவல் பணியிலுள்ள நிஜத் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்.

படப்பிடிப்பு நாளில் துப்பாக்கிக்கு ஒரே ஓர் ஆள் பொறுப்பு. ‘கட்’ சொன்னதும் நடிகர் கையிலிருந்து அவர் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இடுப்பில் செருகியபடியே டீக்கடைக்குப் போகும் நடிகரால்தான் பாதித் தொல்லைகள் வருகின்றன. வாசலில் ‘படப்பிடிப்பு நடக்கிறது’ என்று கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். சுற்றியுள்ள வீடுகளின் கதவைத் தட்டி முந்தின நாளே சொல்லுங்கள், குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீடுகளில் காலையில் மறுபடியும் சொல்லுங்கள். பொருளை எடுத்துப் போகும்போது மூடிய பெட்டியில், சொந்த வண்டியில் கொண்டுபோங்கள். மெட்ரோ நிலையத்தின் ஸ்கேனரில் அது துப்பாக்கியாகத்தான் தெரியும். விமானத்தில் பொம்மைத் துப்பாக்கியைக்கூடக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. சென்னையில் வாடகைக்கு எடுத்து ஓசூர் வழியாக வருபவர்கள், தேர்தல் காலத்தில் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று தெரிந்து ரசீதை மேலாக வைத்துக்கொள்ளட்டும்.

“எங்க மாமா மிலிட்டரியில இருந்தவர், லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கார், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிடலாம்” என்று சொல்பவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அதைக் கேட்டாலே எனக்கு நடுக்கம் வருகிறது. உரிமம் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, இன்னார் வைத்திருக்கலாம் என்று ஆளுக்கும் சேர்த்துக் கொடுப்பது. உரிமம் இல்லாதவர் அதைத் தொட்டு எடுத்துப்போகச் சட்டம் இடம் தரும் சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, உரிமக்காரரே பயன்படுத்த என்ற மூன்றுக்கு மட்டும்தான் இடமுண்டு, அதுவும் அவர் உடனிருக்க வேண்டும் அல்லது எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். உங்கள் கதாநாயகன் பிடித்து நடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மாமாவின் உரிமமும் போகும்.

சிறையைவிடப் பெரிய பயம் உயிர். பெங்களூரிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவில், ராமநகரப் பாறைகளில்தான் ‘ஷோலே’ எடுத்தார்கள். 1975இல் வெளியான அந்தப் படத்தின் இறுதிக் காட்சியை எடுக்கும்போது தர்மேந்திராவின் துப்பாக்கியில் நிஜத் தோட்டா போய்விட்டது, அது தன் காதோரம் சீறிப் போனது என்று அமிதாப் பச்சனே பின்னாளில் தொலைக்காட்சியில் சொன்னார். அவ்வளவு பெரிய படத்தில், அவ்வளவு ஆட்களுக்கு நடுவில் நடந்தது.

1993 மார்ச் 31 அன்று ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் பிராண்டன் லீ இறந்த விதம், துப்பாக்கியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிட்டத்துக் காட்சியில் தோட்டா தெரிய வேண்டும் என்று நிஜத் தோட்டாக்களிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டு முனையைத் திரும்பப் பொருத்தினார்கள். அடியில் இருக்கும் சிறிய பொறிமருந்தை எடுக்கவில்லை. யாரோ விசையை அழுத்தியபோது அந்தச் சிறு பொறியின் தள்ளலில் ஈய முனை குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. யாரும் குழலுக்குள் பார்க்கவில்லை. பின்னர் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டார்கள். வெற்றுத் தோட்டாவில் முனை கிடையாது, மருந்து உண்டு. அந்த மருந்தின் வேகம் சிக்கியிருந்த முனையை நிஜக் குண்டாகவே வெளியே தள்ளியது. லீக்கு வயது 28.

முனை சிக்காவிட்டாலும் வெற்றுத் தோட்டா விளையாட்டுப் பொருளல்ல. 1984இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர் இடைவேளையில் விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டுக்கொண்டார். வெற்றுத் தோட்டாவின் காற்றழுத்தமே மண்டையோட்டை உடைத்தது, சில நாளில் இறந்தார். 2021 அக்டோபர் 21 அன்று ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் நிஜத் தோட்டா ஒன்று கலந்துவிட்டதால் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிர் போனது. துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த இளம்பெண்ணுக்கு 18 மாதச் சிறை கிடைத்தது. அதற்குப் பின் அமெரிக்காவில் சில தொடர்களும் நிறுவனங்களும் நிஜத் துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவெடுத்து, சுடும் ஒளியைக் கணினியில் சேர்க்கத் தொடங்கின. பணம் கொட்டிக் கிடக்கும் இடத்தில் எடுத்த முடிவு அது. பணமில்லாத நமக்கு அதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை.

கர்நாடகத் திரையுலகம் இதற்கெல்லாம் அப்பாற்பட்டது அல்ல. 1989 பிப்ரவரியில் மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில், திப்பு சுல்தான் தொடரின் படப்பிடிப்பில் பிடித்த தீயில் சுமார் அறுபது பேர் இறந்தார்கள். 2016 நவம்பர் 7 அன்று ‘மாஸ்திகுடி’ படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் குதித்த அனில், உதய் இருவரும் மூழ்கி இறந்தார்கள். இவை துப்பாக்கியால் வந்தவை அல்ல. ஆனால் ‘ஒரு டேக்தானே, பார்த்துக்கலாம்’ என்ற மனநிலையைத் துப்பாக்கிக் காட்சியிலும் நான் பார்க்கிறேன். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. குறும்படம் என்பதற்காகச் சட்டம் அதைக் குறைத்துப் பார்க்காது.

சுடுவதை எப்படிக் காட்டுவது? ஒரு வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் குழல்முனைத் தீ தெரிவது ஒன்று அல்லது இரண்டு பிரேம்தான். எடிட்டிங் மென்பொருள் தெரிந்த எவரும் அதைச் சேர்த்துவிடலாம். நம்ப வைப்பது அந்தத் தீ அல்ல, அது சுற்றிலும் விழும் விதம். சுடும் நொடியில் நடிகரின் முகத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஃபிளாஷை மின்னவிடுங்கள். சுவரில் நிழல் துள்ளும், கண் தானாகச் சிமிட்டும். ஃபைபர் துப்பாக்கிக்கு உதைப்பு கிடையாது. மணிக்கட்டிலும் தோளிலும் அதை நடிகர்தான் காட்ட வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் ஒத்திகை போதும். ரத்தத்துக்கு வெடிமருந்து வேண்டாம். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயைச் சட்டைக்குள் ஓட்டி, மறு முனையில் சைக்கிள் பம்பை ஒரு முறை அழுத்தினால் முன்பே கீறி வைத்த துணி வழியே போலி ரத்தம் தெறிக்கும். வெடிமருந்து வைத்துச் சட்டையைத் தெறிக்க விடுவது உரிமம் பெற்றவர்களின் வேலை, 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் அதற்கு உண்டு. பெரும்பாலான கதைகளில் துப்பாக்கி திரையில் தெரியவே வேண்டியதில்லை. மூடிய கதவு, ஒரு சத்தம், அடுத்த அறையில் நிற்பவரின் முகம் போதும். நான் பார்த்த குறும்படங்களில் மனதில் நின்ற துப்பாக்கிக் காட்சிகள் அப்படி எடுத்தவைதான்.

எதிர்வீட்டு அம்மா சொன்னதைக் கேட்டபின் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை படப்பிடிப்பு என்றால் திங்கட்கிழமையே காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்துவிடுவேன், வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தெருவின் வீடுகளுக்குப் போவேன். கடிதத்துக்கு ஆகும் செலவு இரண்டு தாள். தொம்மலூரிலோ வேறெங்கோ இந்த வாரம் டம்மி துப்பாக்கியோடு படம் எடுக்கப்போகும் தம்பிகளே, தங்கைகளே, கேமராவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்த இரண்டு தாளை எழுதிவிடுங்கள்.